கரைகிற கோயில்

சித்திரை பிறந்து, ஏரியின் அடிவயிறு தெரிகிற அளவுக்குத் தண்ணீர் வற்றினால்தான் எங்களுக்குக் கோயில் கட்ட மண் கிடைக்கும். அதற்கு முன்னால் எவ்வளவு கெஞ்சினாலும் ஆயா அசையமாட்டாள். "தண்ணி இருக்கிற வரைக்கும் அது மீனுக்கும் பயிருக்கும் சொந்தம் பாப்பா. அதுங்க எடுத்துக்கினு மிச்சம் இருந்தாத்தான் நம்ம பங்கு" என்பாள். திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் ஓட்டு வீடு. விடிகாலையில் அன்னக்கூடையும் களைக்கொட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பி, ரயில் பாதையைத் தாண்டி, அம்பத்தூர் ஏரிக்குள் இறங்கிவிடுவோம். மேலே அப்பளம் மாதிரி வெடித்துச் சுருண்டு கிடக்கும் மண்ணை ஆயா தொடமாட்டாள். ஒரு சாண் ஆழம் பறித்தால் உள்ளே ஈரம் காயாத கருநீலக் களிமண் வரும். மீன் வாசனையும் அல்லிக்கிழங்கு வாசனையும் கலந்த ஒரு வாசனை. அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவராக இருந்தால் இந்நேரம் உங்கள் மூக்குக்கு அது வந்திருக்கும்.

எல்லா மண்ணும் கோயிலுக்கு ஆகாது. ஆயா ஒரு சிட்டிகை எடுத்து, எச்சில் தொட்டு, உள்ளங்கையில் திரி மாதிரி உருட்டுவாள். அந்தத் திரியைத் தன் சுண்டுவிரலில் மோதிரமாகச் சுற்றுவாள். விரிசல் விடாமல் வளைந்தால் நல்ல மண். நடுவில் முறிந்தால் மணல் அதிகம் என்று உதறிவிட்டு நாலடி தள்ளிப் போய்த் தோண்டுவாள். அப்படி அவள் விரலில் மண் மோதிரம் போட்டுக்கொண்டு வெயிலில் கையை நீட்டிப் பார்த்த கோலம்தான் இப்போதும் எனக்கு அவள் முகம். பொன் மோதிரம் ஒன்றும் அவள் போட்டு நான் பார்த்ததில்லை.

மண்ணை நேராக வீட்டுக்குக் கொண்டுவரமாட்டோம். வழியில் சூளைமேட்டுத் தாத்தாவிடம் காட்டவேண்டும். ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம், இரண்டு புளியமரத்துக்கு நடுவே அவருடைய குடிசையும் சக்கரமும் சூளையும் இருந்தன. அவர் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எங்கள் தெருவில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் அரசாணிப் பானை அவர் கையால்தான் வந்தது. பொங்கலுக்குப் புதுப்பானை, கார்த்திகைக்கு அகல், ஆடி மாதக் கூழுக்குச் சட்டி, மாரியம்மனுக்குக் கரகம், கடைசியில் தோளில் ஏற்றித் துளைபோட்டு உடைக்கிற குடம் வரைக்கும் அவர்தான். 1955-ல் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது தண்ணீர்ப் பந்தலுக்குத் தன் அப்பாவோடு சேர்ந்து பானை சுமந்ததை அவர் ஒவ்வொரு வருஷமும் சொல்வார். நேருவைப் பார்த்தீர்களா தாத்தா என்று நான் ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். "பானையப் பாத்துக்கினு இருந்தேன் கண்ணு, எங்க அவரப் பாக்கறது" என்பார்.

அவர் எங்கள் மண்ணைத் தரையில் கொட்டி, கையால் துழாவி, வெள்ளையாக எது அகப்பட்டாலும் பொறுக்கி எறிவார். நத்தை ஓடு, சுக்கான் கல். "இது உள்ள இருந்துச்சுன்னா சுட்டு எடுத்தப்புறம் ஈரம் பட்டு வெடிக்கும். பானையா இருந்தா பரவால்ல. சாமி முகத்துல வெடிச்சா?" அப்புறம் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்குப் போட்டு மூடி மூன்று நாள் ஊறவிடச் சொல்வார். மூன்றாம் நாள் மிதிக்கவேண்டும். குதிகாலால் மிதித்து மிதித்து வட்டமாகச் சுற்றிவரும்போது விரலிடுக்கில் மண் பிதுங்கி வரும். சில்லென்று இருக்கும் அந்த மண்ணை நினைத்தால் இந்த வயசிலும் என் பாதம் கூசுகிறது. கொஞ்சம் நெல் உமி, கொஞ்சம் சலித்த மணல். உமி போட்டால் காயும்போது மண் சுருங்கி வெடிக்காது.

சக்கரத்தின் ஓட்டையில் கோலைச் செருகி அவர் ஒரு சுழற்று சுழற்றிவிட்டால் அது தானாகத் தூங்குகிற மாதிரி சுற்றும். மண் எழும்பும், வாய் திறக்கும், கழுத்து வரும், நூலால் அறுத்து எடுப்பார். பார்த்தால் அடியே இருக்காது. அடியில்லாத பானையைக் கொஞ்சம் காயவிட்டு, உள்ளே ஒரு கல்லை ஏந்தி, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடுவார். அந்த 'தப்... தப்... தப்' சத்தம் மத்தியான வேளையில் ஏரிக்கரையெங்கும் கேட்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் சங்கு ஊதும் சத்தம், சைக்கிள் கம்பெனி ஷிப்ட் விட்டு ஆட்கள் மணியடித்துக்கொண்டு வரும் சத்தம், அரக்கோணம் போகும் ரயில், அப்புறம் இந்தத் தட்டுப்பலகை. அப்பா அந்த சைக்கிள் கம்பெனியில்தான் வேலை பார்த்தார். 1949-ல் தொடங்கிய கம்பெனி, அதில் சேர்ந்ததை ஒரு குலப்பெருமையாக வைத்திருந்தார். ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்காரர்களுக்கும் அதே பெருமை உண்டு. 1965-ல் முதல் 'விஜயந்தா' டாங்கி அங்கே உருண்டு வெளியே வந்ததாம். இரும்பு உருகி ஓடுகிற ஊர்களுக்கு நடுவே ஒரு மனிதர் மண்ணைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எல்லாமே நம்ம ஊர்ச் சத்தம்.

நான் முதலில் கட்டியது எங்கள் மாசிலாமணியின் கோயிலைத்தான். ஏழு வயசிருக்கும். ஒரு பெட்டி மாதிரி நாலு சுவர், மேலே ஒரு கூம்பு, கூம்பின் உச்சியில் அம்மாவின் ரவிக்கைப் பித்தான் கலசமாக. ஆயா பார்த்தாள். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. "எந்தக் கோயிலு இது?" என்றாள். நம்ம கோயில் என்றேன். "நம்ம கோயிலு முதுகு இப்பிடியா இருக்கும்? போயி பாத்துட்டு வா" என்று முந்தானையால் என் கையைத் துடைத்து அனுப்பினாள்.

போய்ப் பார்த்தேன். அதுவரை எத்தனை நூறு தரம் பிரகாரம் சுற்றியிருப்பேன், பார்த்ததே இல்லை. கருவறையின் பின்பக்கம் நேராக இல்லை, வளைந்திருந்தது. யானை காலை மடக்கிப் படுத்தால் பின்பக்கம் எப்படி உருண்டு வருமோ அப்படி. தூங்கானை மாடம் என்று அதற்குப் பேர் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். நம்ம தொண்டை நாட்டுக்காரர்களுக்கு அந்த யானை முதுகின் மேல் ஒரு பிரியம். பாடியில் திருவலிதாயத்துக் கோயிலுக்குப் போனாலும் அதே முதுகு படுத்திருக்கும். வீட்டுக்கு வந்து பெட்டியை உடைத்துப் பிசைந்து மறுபடி கட்டினேன். வளைவு நிற்கவில்லை, சரிந்தது. சூளைமேட்டுத் தாத்தா ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணி போட்டு, அதன்மேல் மண்ணை அப்பச் சொன்னார். பாதி காய்ந்ததும் கச்சியை உருவிக்கொள்ளலாம். இரண்டு துண்டை ஒட்டுமுன் ஒட்டுகிற இடத்தை ஊக்கால் கீறி, குழம்பாகக் கரைத்த மண்ணைத் தடவவேண்டும் என்பதையும் அன்றைக்குத்தான் கற்றேன். வெயிலில் காயவைத்தால் பிளக்கும். நிழலில், அதுவும் காற்று நேராக அடிக்காத நிழலில்.

ஆயா மறுபடி வந்து பார்த்தாள். "நந்தி யாரப் பாக்குது?" சாமியைத்தான் ஆயா. "போயி பாத்துட்டு வா."

அந்தக் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே நந்தி சாமியைப் பார்ப்பதில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்க்கிறது. தொண்டைமான் ராஜா யானைமேல் வந்தபோது முல்லைக்கொடி யானையின் காலைச் சுற்றிக்கொண்டது, வாளால் கொடியை வெட்டினான், மண்ணிலிருந்து ரத்தம் பீறிட்டது, தோண்டிப் பார்த்தால் வெட்டுப்பட்ட லிங்கம். அந்த வெட்டு ஆறவேண்டும் என்றுதான் சாமிக்கு எப்போதும் சந்தனக்காப்பு. சித்திரைச் சதயத்தில் மட்டும் பழைய சந்தனத்தைக் களைந்து புதுசு சாத்துவார்கள். தொண்டைமானுக்குத் துணையாகப் புழல் கோட்டைக் குறும்பர்மேல் சண்டைக்குப் போக எழுந்து திரும்பிய நந்தி அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கோட்டையிலிருந்து அவன் கொண்டுவந்த இரண்டு எருக்கந்தூண்கள் கருவறைக்கு முன்னால் இன்னும் நிற்கின்றன. எருக்கு என்றால் நாம் ரயில் பாதையோரம் பார்க்கிற அதே எருக்குதான். அதில் தூண் செய்கிற அளவுக்கு மரம் பருத்தது என்பது எனக்கு லிங்கத்தைவிடப் பெரிய அதிசயமாக இருந்தது. என் மண் கோயிலுக்கு விளக்குமாற்றுக் குச்சியை எருக்கந்தூணாக நட்டேன். ஆயா, ரயிலடிக்குப் போய் நிஜ எருக்கங்குச்சி இரண்டு ஒடித்து வந்து மாற்றி வைத்தாள்.

"போயி பாத்துட்டு வா" என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு எல்லாக் கோயிலும் கிடைத்தது. படிக்கட்டு எத்தனை, துவாரபாலகர் கை எந்தப் பக்கம், கோபுரத்தில் எத்தனை நிலை, விமானத்துக் கூடு வட்டமா லாடமா. கண்ணால் கும்பிட்டு வந்ததெல்லாம் மறந்துபோகும், விரலால் பிசைந்தது போகாது. கோபுரத்து மாடங்களுக்குப் பேனா மூடியை அழுத்துவேன். தூண் வரிகளுக்கு அம்மாவின் உடைந்த சீப்பு. மழமழப்புக்கு ஒரு புளியங்கொட்டையால் தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும். தேய்க்கத் தேய்க்க மண்ணுக்குள்ளிருந்து ஒரு மினுக்கம் மேலே வரும்.

பௌர்ணமி வெள்ளிக்கிழமையோடு சேர்ந்து வந்தால் அம்மாவுக்கும் ஆயாவுக்கும் மூன்று அம்மனைப் பார்த்தாகவேண்டும். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் நம்ம ஊர்க் கொடியிடையம்மன். மூன்று பஸ் மாறி, புளிச்சோறு கட்டிக்கொண்டு, வியர்த்து வழிந்து, கடைசியில் சொந்த ஊர்க் கோயிலுக்குள் நுழையும்போது எண்ணெய்ப் பிசுக்கும் மல்லிகையும் கலந்த அந்தக் குளிர் வந்து முகத்தில் மோதும். வெளியூர் போய்த் திரும்பிய மாதிரி இருக்கும். கொடியிடையம்மனின் இடுப்பை மண்ணில் கொண்டுவர நான் பட்ட பாடு சொல்லி முடியாது. மெலிதாகச் செய்தால் ஒடியும், தடிமனாகச் செய்தால் பேர் பொய்யாகும்.

பச்சையம்மன் கோயில் முனிகளைச் செய்யவேண்டும் என்று ஒரு வருஷம் ஆசை வந்தது. பார்த்திருப்பீர்கள், வானத்தைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்திருக்கும் வாழ்முனியும் செம்முனியும் மற்ற முனிகளும், முறுக்கிய மீசையும் உருட்டிய விழியுமாக. ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தெந்த ஊரிலிருந்தோ குலதெய்வக்காரர்கள் வந்து அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவார்கள். அந்தப் புகைக்குள்ளே அண்ணாந்து பார்த்தால் முனியின் முழங்காலுக்குமேல் கண் போகாது. ஒரு முழ உயரத்துக்கு ஒரு முனியைச் செய்து, முதலில் கண்ணை எழுதிவிட்டேன். சூளைமேட்டுத் தாத்தா பார்த்ததும் பதறிப்போய்த் துணியால் அதன் முகத்தை மூடினார். "கண்ணு கடேசில. உடம்பு முடியாம கண்ணத் தொறந்தா, அது தன் கொறையப் பாத்துக்கினே இருக்கும். பாவம் கண்ணு." அன்றைக்கு அவர் குரலில் இருந்த இரக்கம் ஒரு மண்பொம்மைக்காக. அதற்குப்பிறகு இன்றுவரை நான் எதையும் கண்ணில் ஆரம்பித்ததில்லை.

ஆடி வந்தால் கூம்பு ஒலிபெருக்கியில் எல்.ஆர்.ஈஸ்வரி குரல் விடியுமுன் எழுப்பிவிடும். வேப்பிலைக் கொத்து கட்டின தெரு, கேழ்வரகுக் கூழின் புளித்த வாசனை, கருவாட்டுக் குழம்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டுக்குப் பஸ் ஏறுவோம். கருமாரியைப் பார்க்கிற கூட்டத்தில் நசுங்கி வெளியே வந்தால், புற்றுக்கு முன்னால் ஆயா நிற்பதுதான் அதிக நேரம். மஞ்சளும் குங்குமமும் அப்பி, முட்டையும் பாலும் வைத்து, மண்ணால் தானே எழுந்த கோபுரம். "பாரு பாப்பா, யாரு கட்டினது இது? கையும் இல்ல, களைக்கொட்டும் இல்ல. வாயில ஒரு பொட்டு மண்ணும் எச்சிலும். அதுவே இந்த உசரம் கட்டுது" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நாகத்தைக் கும்பிடுகிறாளா கறையானைக் கும்பிடுகிறாளா என்று எனக்குத் தெரிந்ததில்லை. இரண்டையும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சில வருஷம் அப்படியே பூந்தமல்லி வழியாக மாங்காட்டுக்கும் போவோம். பூந்தமல்லியில் இறங்கி, திருக்கச்சிநம்பி பிறந்த ஊர் என்று ஒரு கும்பிடு. அவர் நந்தவனம் வைத்துப் பூத்தொடுத்துக் காஞ்சி வரதருக்குக் கொண்டுபோய்ச் சாத்தினவர், ஆலவட்டம் வீசினவர். பூந்தமல்லி என்ற பேரைச் சொல்லும்போதே அப்போதெல்லாம் பூ வாசனை அடிக்கும். மாங்காட்டில் காமாட்சி நெருப்பின் நடுவே ஒற்றைக்காலில் நின்றாள், அங்கேயிருந்து காஞ்சிக்குப் போய் ஆற்று மணலை அள்ளி லிங்கம் பிடித்தாள், வெள்ளம் வந்தபோது கரைந்துவிடுமே என்று அதை மார்போடு கட்டிக்கொண்டாள். இந்தக் கதையை ஆயா பஸ்ஸில் சொல்லி நான் கேட்ட அன்று, உலகத்தில் முதல் மண் கோயிலைச் செய்தவள் ஒரு பொண்ணு என்று எனக்குத் தோன்றி, பெரிய கர்வம் வந்தது. வெள்ளத்தைப் பார்த்து அவள் ஓடவில்லை, வேறு லிங்கம் பிடித்துக்கொள்ளலாம் என்றும் விடவில்லை. தன் கையால் பிடித்ததை யார்தான் விடுவார்கள்?

புரட்டாசியில்தான் எங்கள் கோயில்களுக்கு மரியாதை. எங்கள் வீட்டில் கொலு கிடையாது. எதிர்வீட்டு மாமி ஒன்பது படி வைப்பாள். படிக்குக் கீழே தரையில் பூங்கா போடுகிற பொறுப்பு தெருப்பிள்ளைகளுடையது. பத்து நாள் முன்னாலேயே ஈரமண் பரப்பிக் கடுகும் வெந்தயமும் தூவிவிடவேண்டும். கொலு வைக்கிற அன்றைக்குப் பச்சைப்பசேல் என்று புல்வெளி நிற்கும். முகம் பார்க்கிற கண்ணாடியைப் பதித்தால் தெப்பக்குளம். மலைக்கு மண் குவித்து, தீக்குச்சியால் படி. நடுவில் அந்த வருஷத்துக் கோயில். மாமி மடிசாரோடு குனிந்து, "எந்த ஊர் கோயில்டி கொழந்தே இந்த வருஷம்?" என்று கேட்பாள். வந்தவர்களிடமெல்லாம் கொசப்பேட்டையில் வாங்கின தசாவதார செட்டைக் காட்டுமுன் அதைக் காட்டுவாள். சுண்டலும் வெற்றிலைப்பாக்கும் ஆயாவுக்குத் தனியாகக் கொடுத்தனுப்புவாள். பச்சைக் கடுகுச் செடியின் காரவாசனை, சாம்பிராணி, ஈரமண், கொண்டைக்கடலை சுண்டல். நவராத்திரி என்றால் எனக்கு இந்த நாலும்தான்.

ஒரு வருஷம் அந்தச் சமயத்தில் எனக்கு அம்மை பார்த்துவிட்டது. கூடத்து மூலையில் வேப்பிலைப் படுக்கை. மண்ணைத் தொடக்கூடாது, வெளியே போகக்கூடாது. மாமி வீட்டுப் பூங்காவில் அந்த வருஷம் கோயில் இல்லாத வெற்றிடம் இருக்கிறது என்று தம்பி வந்து வாசலிலிருந்து சொன்னான். நான் அழுத அழுகையில் கொப்புளம் எரிந்தது. அன்று ராத்திரிதான் ஆயா தின்னனூர்ப் பூசலார் கதையைச் சொன்னாள். எல்லாரும் திருநின்றவூர் என்று எழுதுவார்கள், வாயில் வருவது தின்னனூர்தான். பூசலாருக்கு சாமிக்குக் கோயில் கட்ட ஆசை. கையில் காசில்லை. எங்கும் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. சரி என்று மனசுக்குள்ளேயே கல் சேர்த்தார், தச்சரைக் கூட்டினார், நாள் பார்த்துக் கடைக்கால் போட்டார். விமானம், சுதை வேலை, மதில், குளம், கிணறு, ஒன்று விடவில்லை. கண்மூடாமல் ராப்பகலாகக் கட்டினார். அதே சமயம் காஞ்சியில் காடவர்கோன் நிஜக் கல்லால் பெரிய கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். ராத்திரி கனவில் சாமி வந்து, நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகணும், உன் நாளை மாற்றி வைத்துக்கொள் என்றார். ராஜா தின்னனூருக்கு வந்து கோயில் எங்கே என்று தேடினால், ஊரில் கோயிலே இல்லை.

"அதனால நீயும் உள்ள கட்டு. தடுக்க யாரு இருக்கா? ஆனா ஒண்ணு. அவரு படி எண்ணித்தான் கட்டுனாரு. ஏனோதானோன்னு கட்டல." பதினோரு நாள் கண்ணை மூடிக்கொண்டு கட்டினேன். முதலில் மண் எடுத்தேன், மோதிரம் சுற்றிப் பார்த்தேன், சுக்கான் பொறுக்கினேன், மிதித்தேன். ஒவ்வொன்றாக. கண் திறந்தால் வேப்பிலை, மூடினால் விமானம். தலைக்குத் தண்ணீர் விட்ட மறுவாரம் ஆயா என்னை ரயிலில் தின்னனூருக்குக் கூட்டிப்போனாள். இருதயாலீசுவரர் சந்நிதியில், நெஞ்சுவலிக்காரர்கள் வேண்டிக்கொள்கிற இடத்தில், நான் கட்டியதைக் கொண்டுபோய் வைத்தேன். பக்தவத்சலப் பெருமாள் கோயிலுக்கும் போனோம். அங்கே தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்' என்று பேர். ஆயா அந்தப் பேரை இரண்டு மூன்று தரம் மெல்லச் சொல்லிக்கொண்டாள். அவளுடைய அம்மா அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போனவள்.

பூசலார் கதையை நாமெல்லாம் அறிய எழுதிவைத்த சேக்கிழாரும் நம்ம பக்கத்துக்காரர்தான், குன்றத்தூர். சோழ ராஜாவிடம் மந்திரியாக இருந்தபோது கும்பகோணத்துப் பக்கத்துத் திருநாகேசுவரத்தின்மேல் அவருக்கு மனசு போய்விட்டது. அதே மாதிரி ஒரு திருநாகேசுவரத்தைச் சொந்த ஊரில் கட்டிக்கொண்டார். மாமியின் வீட்டுக்காரர் பெரியபுராணம் வாசிக்கிறவர், அவர் இதைச் சொன்னபோது எனக்கு சேக்கிழார் திடீரென்று தெருப்பிள்ளையாகிவிட்டார். அவரையும் யாரோ 'போயி பாத்துட்டு வா' என்று அனுப்பியிருக்கவேண்டும்.

விஜயதசமிக்கு மறுநாள் கோயிலைக் கரைக்கவேண்டும். இதில் மட்டும் ஆயாவுக்கு இரக்கமே கிடையாது. சூளையில் வைத்துச் சுட்டு வைத்துக்கொள்ளலாம் என்று நான் எத்தனை வருஷம் கேட்டிருப்பேன். "சுட்டா அது ஓடு. ஓட்ட திருப்பி மண்ணாக்க முடியுமா? அடுத்த வருசம் உனக்கு மண்ணு வேணாமா?" புழக்கடைக் கிணற்றடித் தொட்டியில் கோயிலை வைத்து, தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவாள். முதலில் நிறம் கறுக்கும். பிறகு சீப்பு வரிகள் மறையும், கூடுகள் இளகும், கோபுரம் ஒரு பக்கமாகத் தலைசாயும். கடைசிவரை நிற்பது நந்திதான், கெட்டியாகப் பிடித்த சின்ன உருண்டை அல்லவா. பித்தானையும் எருக்கங்குச்சியையும் எடுத்துக்கொண்டு மண்ணைச் சாக்கில் கட்டிவைப்போம். போன வருஷத்து மண்ணில் ஒரு பங்கு இந்த வருஷத்து மண்ணோடு சேரும். அப்படிப் பார்த்தால் நான் கட்டிய எல்லாக் கோயிலும் ஒரே கோயில்தான்.

ஆயா ஒரு மார்கழியில் போனாள். குடம் கொடுக்க வந்த சூளைமேட்டுத் தாத்தா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அதன் வாயோரத்தில் விரலால் ஒரு வரி இழுத்திருந்தார், அகல் விளக்குக்கு இழுக்கிற மாதிரி. வேறு எந்தக் குடத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை. அதற்கு மூன்று வருஷம் கழித்து அவரும் போனார். புகை வருகிறது என்று புதிதாகக் குடிவந்தவர்கள் சொன்னதில் சூளை அதற்கு முன்பே அணைந்திருந்தது. சக்கரம் புளியமரத்தில் சாய்த்துவைத்திருந்தது, ஒரு மழைக்காலம் வரைக்கும். பிறகு புளியமரமும் இல்லை.

2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-ல் ஆவடியே மாநகராட்சியானது. மாமி வீட்டு இடத்தில் நாலு மாடி. எங்கள் கிணற்றை மூடி, அதன்மேல்தான் கார் நிறுத்துகிறார்களாம். பிள்ளையார் சதுர்த்திக்கு அச்சில் அமுக்கிய களிமண் பிள்ளையாரை வண்டியில் குவித்து விற்பார்களே, குன்றிமணிக் கண்ணும் எருக்கமாலையும் காகிதக் குடையுமாக, அந்த வண்டிகளும் குறைந்துவிட்டன. பளபளவென்று வண்ணமடித்த, தண்ணீரில் கரையாத பிள்ளையார்களின் கையும் தும்பிக்கையும் ஏரியோரம் மாதக்கணக்கில் ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏரிகளுக்கு இப்போது கரையெல்லாம் நடைபாதை. வேலியும் விளக்கும் உண்டு. உள்ளே இறங்குவதற்கு வழி இல்லை.

போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தேன். சதயத்துக்குத்தான். புதுச்சந்தனம் சாத்திய சாமியைப் பார்த்துவிட்டு, பழைய தெரு வழியாக நடந்தேன். ஒரு மனையில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேல்மண்ணுக்கும் கட்டட இடிபாட்டுக்கும் கீழே, ஆளுயரப் பள்ளத்திலிருந்து வாரிப்போட்ட குவியலில் ஒரு கருநீலம். நின்றுவிட்டேன். காவலுக்கு இருந்த பெரியவர் "இன்னாம்மா தேடற?" என்றார். கொஞ்சம் மண் எடுத்துக்கட்டுமா ஐயா என்றேன். செடிக்கா என்று கேட்டார், ஆமாம் என்றேன். உள்ளங்கையில் உருட்டி, சுண்டுவிரலில் சுற்றினேன். முறியவில்லை. மீன் வாசனை மட்டும் இல்லை. கைக்குட்டையில் ஒரு பிடி முடிந்து ரயிலேறினேன்.

கோயில் கட்ட அது காணாது. ஒரு நந்திக்கு வந்தது. புளியங்கொட்டையால் தேய்த்து, கண்ணைக் கடைசியில் திறந்து, பூஜை அலமாரியில் வைத்தேன். காலையில் விளக்கேற்றப் போனால், எப்போது அப்படி வைத்தேனோ தெரியவில்லை, சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.